பெரியம்மாவின் இருபது பைசாப் புதையல்

1968-இல் வந்த தாமரைப்பூ 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று நம்புகிறவர்களைத் திருத்தவே முடியாது. என் பெரியம்மா அந்தக் கட்சிக்குத் தாராவிக் கிளைத் தலைவி. மஞ்சத் துணியில் முடிந்த அந்தக் காசுகள் அரிசிப் பானைக்குள் இருக்கின்றன. தொண்ணூறடி ரோட்டில் வீடு மாறியபோதெல்லாம் முதலில் ஏறியது அந்தப் பானைதான்.

தங்கம் விலை ஏற ஏற, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை ஆரம்பமானது. மாட்டுங்கா மாமா கடித்துப் பார்த்தார், பல்செட்தான் ஆடியது. அண்ணி, பிரிட்ஜில் ஒட்டியிருந்த ஷீரடி பாபா காந்தத்தை எடுத்து வைத்தாள். ஒட்டவில்லை.

“பாத்தியளா, தங்கம்!”

“பித்தளையுந்தான் ஒட்டாது பெரியம்மா.”

“நீ வாய வச்சா வெளங்குமால?”

செம்பூர் மாப்பிள்ளை இன்ஜினியர். சின்னத் தராசில் காசை நிறுத்தார்; பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார். முதல் எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் சுத்தத் தங்கத்துக்கு 19.3 வர வேண்டும். வந்தது எட்டரை.

“முனிசிபாலிட்டித் தண்ணி அப்படித்தான் காட்டும்” என்றாள் பெரியம்மா.

கடைசியில் பட்டறை ஆசாரி. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். பளிச்சென்று மஞ்சள் கோடு. பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் சொத்துரிமை பறிபோனது. அவர் கோட்டின்மேல் ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டார். தங்கமென்றால் கோடு அசையாது. இதுவோ பச்சையாகக் கரைந்து, போன இடம் தெரியவில்லை.

“செம்பு, துத்தநாகம், கொஞ்சம் நிக்கல். அவ்வளவுதான் ஆச்சி.”

காசாகவும் அது உதவாது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. ஆனால் பெரியம்மாவுக்குச் சந்தேகமெல்லாம் 10 ரூபாய் நாணயத்தின் மேல்தான். திருநெல்வேலியில் ஏதோ கடைக்காரர் வாங்க மறுத்தாராம். 14 டிசைனும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டதே என்றால், “அவனுவ எங்க கடைக்கு வாரானுவ?” என்பாள்.

ஆசாரி டீக்காசாகப் பத்து ரூபாய் கேட்டார். பெரியம்மா பர்ஸின் மூலையில் ஒதுக்கியிருந்த 10 ரூபாய் நாணயத்தை அவர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

“ஏமாந்துட்டான்ல!”