கிஃப்ட் பாக்ஸ் போய் ராக்கெட் வந்தது

தீபாவளி முடிந்து சிவகாசி கொஞ்சம் காலை நீட்டும் நேரம். அந்த நிம்மதியையும் சென்னை சூப்பர் கிங்ஸ் கெடுத்துவிட்டது. 2025 நவம்பர் 15-ல் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குத் தள்ளிவிட்டு, 18 கோடிக்கு சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறார்கள். சரம், சங்குசக்கரம், பூச்சட்டி எல்லாம் அடங்கிய கிஃப்ட் பாக்ஸைக் கொடுத்து ஒற்றை ஃபேன்சி ராக்கெட் வாங்கிய கதை. நேராகப் போனால் ஊரே அண்ணாந்து பார்க்கும். சாய்ந்தால் பக்கத்து வீட்டுக் கூரை.

"ஜடேஜாவுக்கு 37 வயசாகப் போகுது அண்ணாச்சி" என்று விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் ஒரு தம்பி சமாதானம் சொன்னான். வாஸ்தவம்தான். ஆனால் 44 வயது தோனியை ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு வயசுக் கணக்குப் பார்க்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். வந்திருப்பவரும் கீப்பர்தான். "அப்போ கையுறை யாருக்கு?" என்றேன். தம்பி இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டான்.

2025 சீசனில் கடைசி இடம். அணியை மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. அதற்காக, 2023 இறுதிப் போட்டியில் 2 பந்தில் 10 ரன் என்றபோது சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவரையா? அதுவும் 18 கோடிக்காரரை 14 கோடியாக்கி!

இனி ராஜஸ்தான் ஆட்டத்தில் சாம்சன் விக்கெட்டை ஜடேஜா சாய்த்தால், வாயில் வைத்த விசிலை ஊதுவதா, விழுங்குவதா? நிர்வாகம் இப்போதே ஒரு அறிக்கை விட்டால் புண்ணியமாகப் போகும்.