நடுத்தூண்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஃபியட் 1100-இன் முன்கதவைத் திறக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் முதல் தடவை கை தடுமாறும். கைப்பிடி முன்விளிம்பில் இருக்கிறது, கீல் நடுத்தூணில். பின்கதவின் கீலும் அதே தூணில்தான். இரண்டையும் திறந்து வைத்தால் கைகூப்பியதுபோல் நெருங்கி நிற்கும். 1960-க்குப் பிறகு வந்த மொடல்களில் இந்த அமைப்பு மறைந்துவிட்டது. எங்களுடையது 1956.

அந்தக் காரின் கதவை 19 வருஷம் தோட்டத்துத் துரைக்குத் திறந்துவிட்டவர் என் அப்பா.

அப்பா இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1930-இல் பிறந்தவர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் 1904 முதல் ஒரு சின்னக் கோச்சி ஓடியது. தண்டவாள அகலம் இரண்டடி ஆறங்குலம். 1948-இல் அதை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் லொறிக்கு மாறின. அப்பாவும் லொறிக்குப் போய் வண்டியோட்டப் பழகினார். அதே 1948-இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது. 1955-இல் அப்பாவுக்கு டிரைவிங் லைசன்ஸ் கிடைத்தது. அரசாங்கம் அவர் பெயரெழுதிக் கொடுத்த தாள்கள் இரண்டு: அரிசிக் கூப்பன் புத்தகம், இந்த லைசன்ஸ்.

மறுவருஷம் கொழும்பிலிருந்து கார் வந்தது. அப்போது நம்பர் தகட்டில் இங்கிலீஷ் எழுத்து. அடுத்த வருஷம் புது வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாகி, 1958-இல் தார் பூசுவதும் அடிபடுவதுமாக நாடு கொந்தளித்தது. எங்கள் கார் சில மாத முந்துதலில் தப்பியது. இன்றுவரை அதே நம்பர்தான். அதன் பதிவுப் புத்தகத்தில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அப்பா பிரஜையானது 1988-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, தன் 58-ஆவது வயதில். இத்தாலியில் பிறந்த கார் இந்த மண்ணில் 32 வருஷம் பதிவோடு ஓடிய பிறகு, இந்த மண்ணிலேயே பிறந்தவருக்குப் பதிவு கிடைத்தது. இதை எழுதும்போது இன்னமும் எனக்குக் கை நடுங்குகிறது.

இந்தக் காரைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு மனம் கனத்தது. 1953 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஃபியட் இதை வெளியிட்டது. உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டான்டே ஜகோசா. நாலு சிலிண்டர், 1089 சிசி, 36 குதிரைவலு, ஸ்டியரிங்கோடு ஒட்டிய நாலு கியர். போரில் நொந்துபோன இத்தாலியில் கடைக்காரரும் கிளாக்கரும் பிள்ளைகுட்டியோடு ஏறிப்போவதற்கென்று செய்த கார் அது. ‘மில்லெசென்டோ’, அதாவது ஆயிரத்து நூறு, என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். குடும்பக் கார். ராகலைக்கு வந்ததும் அது துரையின் காராகிவிட்டது. அதை ஓட்டியவரின் குடும்பம் ஒரு நாளும் அதில் ஏறவில்லை.

நான் வயிற்றில் இருந்தபோது நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிவேன். 1968, விடாத மழை. தோட்டத்து மருத்துவிச்சி பார்த்துவிட்டு நுவரெலியாவுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அப்பா வீட்டில் இல்லை. கிளப்பிலிருந்த துரையைக் கூட்டிவரக் காரோடு போயிருந்தார். அம்மாவைக் கொழுந்து லொறியில் படங்குச் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கொண்டு போனார்கள். கந்தப்பளை வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் லொறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளாம். நுவரெலியாவில் கிளப்பைத் தாண்டும்போது, விளக்கடியில் ஃபியட் நிற்பதைப் பார்த்தாள். பின்சீட்டில் ஒருவரும் இல்லை. முன்னால் அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். லொறியில் யார் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

1975-இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை சீமைக்குப் போக, காரை ஒரு முதலாளி வாங்கினார். அப்பா மறுபடி லொறிக்குப் போனார். கார் பல வருஷம் ஹயர் ஓடி, பிறகு ஒரு கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு நடுவே முடங்கியது. 2018-இல் நான் அதைக் கண்டபோது அப்பா இறந்து இருபது வருஷம்.

வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் அது கையோடு இறங்கியது. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பேதான் சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள் மலைநாட்டு ஈரம் புகுந்து, வருஷக்கணக்கில் உள்ளேயே தின்றிருந்தது. நடுத்தூணுக்கு அடியில் பிடிமானம் இல்லை. பக்கத்துக்கு இரண்டு கதவின் பாரத்தையும் சுமக்கிற தூண் அது.

திருத்தக் கொடுத்தேன். தகட்டு வேலை செய்யும் டிங்கரிங் பாஸ் பெயின்ட்டைப் பற்றிப் பேசவே விடவில்லை. முதலில் காருக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்தார். அப்படிக் கட்டாமல் அடித்தகட்டை வெட்டினால் உடம்பு நடுவில் வளைந்துவிடும். பிறகு எந்தக் கதவும் ஜென்மத்துக்கும் பூட்டாது. ஒரு பக்கம் வெட்டி, புதுத் தகடு வைத்து, கதவை மாட்டிப் பூட்டிப் பார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டார். எட்டு மாதம். கார் திருத்தும் கலையில் நான் பார்த்த மிகப் பெரிய வேலை அதுதான், வெளியே ஒரு கோடுகூடத் தெரியாத வேலை.

சாமான் தேடி கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பல தடவை அலைந்தேன். மொரிஸ் மைனருக்கு எல்லாம் கிடைக்கும். ஃபியட்டுக்கு ஒரு கைப்பிடியும் இரண்டு சக்கர மூடியும் கிடைத்தன. எஞ்சினுக்கு வழி இந்தியாவிலிருந்து பிறந்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பனி இதே குடும்பத்துக் காரைத்தான் செய்தது. பிறகு அதற்கு பத்மினி என்று பெயர் வைத்தது. மும்பை வீதிகளில் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் வரை ஓடியது. உடம்பு வேறு, எஞ்சின் வம்சம் ஒன்று. எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் மாமா 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரி தேயிலையில் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் கோயம்புத்தூரில் தேடி, வாட்டர் பம்பும் டிஸ்ரிபியூட்டரும் வாங்கி, சேலைகளுக்குள் சுற்றிக்கொண்டு வந்து தந்தான். பிரித்து அனுப்பிய குடும்பத்தின் அந்தப் பாதியிலிருந்து வந்த சாமான் இந்தப் பாதியில் பொருந்தியது.

2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை ஏறியது. கேட்டு வந்தார்கள், கொடுக்கவில்லை. 2022-இல் பெற்றோல் இல்லை. அந்த மாதங்களில் கார்பரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்து, அப்பா சொன்னதை நினைத்து நினைத்துப் பூட்டினேன். ஆறாயிரம் அடியில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக்குச் சரியான ஜெட் இங்கே பெற்றோலை அதிகமாக ஊற்றும். பிளக் கரி பிடிக்கும். சிறிய ஜெட் போட்டதும் மேட்டில் இழுப்பு வந்தது.

போன மார்கழியில் அம்மாவை நுவரெலியாவுக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பின்கதவைத் திறந்து நின்றேன். “அது தொரசானி இருந்த எடம்,” என்று முன்னுக்கு நடந்தாள். கதவு எதிர்ப்பக்கம் திறப்பதால், முழங்கால் வலிக்காரி முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு காலை மெதுவாக உள்ளே எடுக்க முடிந்தது. ராகலை கடைவீதி தாண்டும்வரை பேசவில்லை.

கந்தப்பளைக்குக் கிட்டப் பனி இறங்கி, எஞ்சின் இருமி நின்றது. பொனட்டைத் திறந்தேன். டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கேட்டு, மூடியை அடுப்போரத்தில் வைத்தேன். கார்க் கண்ணாடியை இறக்கி அம்மா சத்தம் போட்டாள்:

“ரொம்பக் கிட்டக்க வைக்காத தம்பி. ஒங்கப்பா அப்பிடித்தான் ஒரு மூடிய வெடிக்க வச்சி, தொர அதைச் சம்பளத்துல புடிச்சாரு.”