ராணி போன பிறகு வந்த ரயில்

விக்டோரியா மகாராணி காலத்தில் நீராவி ரயில் வந்து ஜனங்களின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். தாராளமாக நம்புங்கள், தென்காசியில் நின்றுகொண்டு மட்டும் நம்பாதீர்கள். மகாராணி 1901 ஜனவரியில் கண்ணை மூடினார். தென்காசிக்கு ரயில் வந்ததோ 1903 ஆகஸ்டில்!

ராயபுரத்திலிருந்து முதல் ரயில் 1856இல் கிளம்பியாயிற்று. 1876இல் திருநெல்வேலிக்கும் வந்தாயிற்று. அங்கிருந்து தென்காசிக்கு ரயில் பாதை எழுபது கிலோமீட்டர் சொச்சம். அதற்கு 27 வருஷம்! அன்றைக்கே ஒரு நத்தையைக் கிளப்பி விட்டிருந்தால் மூணு வருஷத்தில் வந்து, குற்றாலத்தில் குளித்துத் தலையும் துவட்டியிருக்கும்.

ராணியம்மாவைக் கேட்டால் ‘அவசரம் என்ன?’ என்றுதான் சொல்லியிருப்பார். 1842 ஜூனில் ஸ்லோவிலிருந்து லண்டனுக்கு முதன்முதலாக ரயிலேறினார். ராணி ஏறுகிற வண்டி என்பதால் மாபெரும் இன்ஜினியர் புரூனெலே இன்ஜினில் தொற்றிக்கொண்டு வந்தார். மொத்தம் 25 நிமிஷப் பயணம். பிற்பாடு அம்மணி போட்ட கண்டிஷன், பகலில் 40 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது. வேக யுகத்துக்கே தன் பெயரைக் கொடுத்தவருக்கு வேகம் என்றால் வயிற்றைக் கலக்கும்.

அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது, தென்காசியைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போகும் எங்கள் செங்கோட்டை மலை ரயில்பாதை. முன்னால் ஒரு இன்ஜின் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, குகை குகையாக மூச்சு வாங்கி ஏறும். ஆனால் குகை வேலை முடிவதற்குள் திருவிதாங்கூருக்குப் பொறுமை போய்விட்டது. அந்தப் பக்கம் கொல்லம்–புனலூர் வண்டியை 1904 ஜூனிலேயே விட்டுவிட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கத்து ரயிலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்புறம் இன்ஜின் எப்படிப் போயிற்று? அக்கக்காகக் கழற்றி, கடல் வழியாகக் கொண்டுபோய், மாட்டு வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டு சேர்த்தார்கள் என்பது கொல்லத்துக்காரர்கள் சொல்லும் கதை. புகை கக்கியதைப் பார்த்த ஜனம் ‘தூமசகடாசுரன்’ என்று அலறியதாம். மாட்டு வண்டியில் வந்து இறங்கிய அசுரன் புராணத்திலேயே கிடையாது. நவம்பர் 26ஆம் தேதி மலைப்பாதையும் திறந்த பிறகுதான் அசுரனுக்குச் சொந்தக்காலில் வரப்போக வழி பிறந்தது.

சரி, தென்காசியில் என்ன மாறியது? முதலில் சூரியனுக்கு வேலை போனது. ரயில் ஓடியது மெட்ராஸ் டைமில். நம்மூரோ மெட்ராஸுக்கு மேற்கே தள்ளிக் கிடக்கிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது ஸ்டேஷன் கடிகாரம் சுமார் 12:12 காட்டும். 1906இல் இந்தியா முழுக்க ஒரே டைம் என்று வந்ததும் அது 12:21 ஆனது. நிழலைப் பார்த்து மணி சொன்ன பெரியவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். வண்டியையும் விட்டார்கள்.

அடுத்த கூத்து எட்டே கிலோமீட்டரில். தென்காசி வெள்ளைக்காரன் சீமை, செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜா சீமை. இங்கே அணா, அங்கே சக்கரம் என்று காசே வேறு. ஏறி உட்கார்ந்து வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் ராஜா மாறிவிடுவார். 1956 வரை செங்கோட்டை அந்தப் பக்கம்தான்.

ரயில் கம்பெனிக்கார வெள்ளைக்காரர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு பெரிய பயம் இருந்தது. இந்தியர்கள்தான் ஜாதி பார்ப்பவர்களாயிற்றே, ஒரே பெட்டியில் உட்காருவார்களா? மூன்றாம் வகுப்பில் மூச்சுவிட இடமில்லாமல் அடைந்து உட்கார்ந்தார்கள் ஐயா! ஜாதி என்ன, ஒழிந்தா போயிற்று? அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பிராமணருக்குத் தனி, மற்றவருக்குத் தனி என்றிருந்த சாப்பாட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதுவரை வெளியூரிலிருந்து குற்றாலத்துக்குச் சொகுசாக வருவது துரைமார் சமாச்சாரம். சீசன் வந்தால் பங்களா, சாரல், ஜாதிக்காய்த் தோட்டம் என்று ஜாலியாக இருந்தார்கள். சாமானியனுக்கு மாட்டு வண்டிதான், முதுகெலும்பு அவரவர் பொறுப்பு. ரயில் வந்ததும் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டும் இடுப்புத் துண்டும் போதும் என்றாகிவிட்டது. துரை ரசித்துக்கொண்டிருந்த அதே அருவியில் ஒரு குடும்பமே நல்லெண்ணெய் வழிய வரிசையில் நின்றது.

குற்றாலத்துக்கு ஸ்டேஷன் கிடையாது. இன்றைக்கும் தென்காசியில்தான் இறங்க வேண்டும். இதன் விபரீதம் தென்காசிக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால் போதும், ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் பெட்டி படுக்கையோடு வாசலில் முளைப்பார்கள். “சும்மா உங்களை எல்லாம் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்பார்கள், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு.

ரயில் லேட்டாக வந்ததில் ஒரு லாபமும் உண்டு. காசிக்குப் போக ஏங்கிய பராக்கிரம பாண்டியன் கனவில் சிவபெருமானே தோன்றி, ‘எறும்பு ஊரும் வழியே போ, அங்கே எனக்குக் கோயில் கட்டு’ என்றார் என்பது ஐதீகம். 15ஆம் நூற்றாண்டில் அப்படி எழும்பியதுதான் காசி விஸ்வநாதர் கோயில், தென்காசி என்ற பெயரும் அதனால்தான். அன்றைக்கே ரயில் ஓடியிருந்தால்? மன்னர் பாட்டுக்கு டிக்கெட் எடுத்துக் காசிக்குப் போயிருப்பார், கோயிலும் இல்லை, ஊரும் இல்லை. ஆனாலும் பயப்படாதீர்கள். சீசன் நேரத்தில் ரிசர்வேஷன் கவுன்டரில் நின்றவனாகச் சொல்கிறேன், மன்னருக்கும் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைத்திருக்கும். கோயில் எப்படியும் எழும்பியிருக்கும்.