குத்துவிளக்குக்குத் தமிழ், கொப்பிக்கு இங்கிலீசு

யாழ்ப்பாணத்தில் தமிழ் அழிந்துபோகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே அதற்கு ஓய்வே கிடையாது. நிறைகுடம் வைக்கத் தமிழ் வேண்டும், மங்கல விளக்கேற்றத் தமிழ் வேண்டும், பொன்னாடை போர்த்தும்போது பட்டங்களை அடுக்கத் தமிழ் வேண்டும். வரவேற்புரை முடிந்து பேராசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்ததும் தமிழுக்கு இடைவேளை. ஆய்வு அல்லவா, இனி இங்கிலீசு. கடைசியில் நன்றியுரைக்குத் தமிழ் திரும்பி வந்து, தேநீரும் வடையும் எந்தப் பக்கம் என்று அறிவிக்கும்.

எங்கள் தமிழ்ப்பற்றின் முழு வரைபடம் இவ்வளவுதான். கும்பிடத் தமிழ், படிக்க இங்கிலீசு.

திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையே எடுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974 இல் வளாகமாகத் தொடங்கியது. முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அரைநூற்றாண்டு கழிந்தும் அங்கே மருத்துவம் ஆங்கிலத்தில், விஞ்ஞானம் ஆங்கிலத்தில், பொறியியல் ஆங்கிலத்தில். மிஞ்சியது கலைப்பீடம். அதையும் எப்போது ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று நாட்டில் யோசிக்காத நிபுணர் இல்லை.

பிள்ளை பதின்மூன்று வருடம் தமிழில் படிக்கிறது. உயர்தரத்தில் உயிரியலும் பௌதிகமும் தமிழிலேயே எழுதி மூன்று ஏ எடுக்கிறது. பாடசாலை மதிலில் படம் தொங்குகிறது, கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. மருத்துவ பீடத்துப் படி ஏறிய முதல் நாளே அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை ஊமையாகிவிடுகிறது. நேற்று வரை சுரப்பி, நாளம், நரம்பு என்று எல்லாவற்றையும் விளக்கிய வாய் இன்று ஒரு கேள்வி கேட்கக் கூசுகிறது. இதற்குப் பெயர் உயர்கல்வி.

ஒரு முகாமைத்துவ விரிவுரை மண்டபத்துக்குள் எட்டிப் பாருங்கள். திரையில் ஆங்கிலம். விரிவுரையாளர் சொல்லுவது என்ன தெரியுமா? “பிள்ளையள், டிமாண்ட் குறைஞ்சா இந்தக் கேர்வ் இடப்பக்கம் ஷிப்ட் ஆகும். விளங்கினதோ? விளங்காட்டி நோட்ஸைப் பாடமாக்குங்கோ. எக்ஸாமுக்கு இங்கிலீசிலதான் எழுத வேணும்.” விளக்கம் முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது. ஆனால் பதிவேட்டில் தமிழ் இல்லை, பாடநூலில் இல்லை, வினாத்தாளில் இல்லை. கசிப்பு மாதிரி எல்லோரும் ஒளித்துப் பாவிக்கிறார்கள், வெளியில் கேட்டால் தொட்டதே இல்லை என்கிறார்கள். இந்த ஒளிவுமறைவின் விளைவாக வெளிவரும் பட்டதாரி தமிழில் எழுதப் பழகவில்லை, ஆங்கிலத்தில் யோசிக்கவும் பழகவில்லை. பாடமாக்க மட்டும் பழகியிருக்கிறார்.

சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமா என்றால், எங்கள் அரசியலமைப்பு என்னைவிட நல்ல அங்கதக்காரர். 1978 அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை, தேசிய மொழிகள் இரண்டில் ஒன்றில் கல்வி கற்கும் உரிமை எவருக்கும் உண்டு என்கிறது. அடுத்த மூச்சிலேயே, தேசிய மொழி அல்லாத மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனத்துக்கு அது பொருந்தாது என்கிறது. சிங்களத்தில் ஒரு பாடம் நடந்தால், தமிழிலும் நடத்து என்று உறுப்புரையைக் காட்டி வாதாடலாம். ஆங்கிலத்தில் நடந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இலங்கையில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் உண்மையான சம உரிமை கிடைத்த இடம் இது ஒன்றுதான்: இரண்டையும் ஒன்றாகப் படலைக்கு வெளியே நிறுத்தியாயிற்று.

தமிழில் மருத்துவம் படிப்பிக்க முடியுமா என்று சிரிக்கும் பெரியவர்கள் மானிப்பாய்க்கு ஒருமுறை போய் வரலாம். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மிஷன் டாக்குத்தர் அங்கேதான் மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் புறப்பட்டுப் போவதைக் கண்டார். 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான், ஊருக்கு வைத்தியம் செய்வான் என்பது அவர் கணக்கு. நூல் இல்லை என்று அவர் குழு அமைத்து அறிக்கை எழுதவில்லை. தன் தமிழ் மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து நூல்களை ஆக்கினார். இங்கிலாந்தில் 1858 இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்துவிட்டது. ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ என்று நாலாயிரம் பக்கத்துக்கு மேல் தேறும். மின்சாரமும் இல்லாத, கணினியும் இல்லாத காலத்தில், தாய்மொழி தமிழ் அல்லாத ஒரு மனிதர் நடத்திய வேலை இது. இன்று நாங்கள் அவர் பெயரில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறோம், நினைவுப் பேருரை நடத்தத் தெரியும், அவர் செய்ததைச் செய்ய மட்டும் தெரியாது.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் மேல் போட எங்களுக்கு ஆசை. வரலாறு இடம் தராது. ஆங்கிலத்தில் படிப்பித்த தன் வட்டுக்கோட்டைக் குருமடத்தை 1855 இல் மூடியபோது அமெரிக்க மிஷன் சொன்ன காரணம், ஆங்கிலப் படிப்பு உத்தியோகம் தேடுகிறவர்களை உருவாக்குகிறது, இனி ஊர் மொழியில் படிப்பியுங்கள் என்பதுதான். ஊர்ப் பெரியவர்கள் விட்டார்களா? ஆங்கிலம் வேண்டும் என்று நின்று பிடித்து, 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறப்பித்தார்கள். ‘அங்காதிபாதம்’ வந்த அதே வருடம். கிளறிக்கல் உத்தியோகமும் சீதனமும் எந்த மொழியில் கிடைக்குமோ அந்த மொழிதான் எங்கள் தாய்மொழி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு 1816 இல் ஆள் அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் 1820 இல் ஹவாய்த் தீவுகளிலும் இறங்கியது. 1831 இல் அங்கே தொடங்கிய லஹைனாலூனா குருமடத்தில் ஹவாய் மொழியிலேயே படிப்பு நடந்தது. 1893 இல் ஹவாய் அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896 இல் பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹவாய் மொழியைப் பேசத் தெரிந்த சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. அந்த நிலையிலிருந்து அந்தச் சனம் எழுந்தது. ஏற்கெனவே 1978 இல் மொழியை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கியிருந்தது, 1984 இல் பாலர் பள்ளி தொடங்கியது, 1997 இல் ஹீலோ நகரத்து அரசப் பல்கலைக்கழகத்தில் ஹவாய் மொழிக்கென்று ஒரு கல்லூரியையே நிறுவியது. இன்று அந்தக் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் வரை படிக்கலாம். ஐம்பது பிள்ளைகள் இல்லாத மொழி கலாநிதிப் பட்டம் வரை ஏறுகிறது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி திருநெல்வேலியில் மருத்துவ பீடத்து வாசலில் நிற்கிறது.

நாங்கள் உரிமைக்காகப் போராடவே தெரியாத இனம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 1971 இல் மருத்துவ பீடத்துக்குப் போக, 400 க்குச் சிங்கள மாணவருக்கு 229 புள்ளி போதும் என்றும் தமிழ் மாணவருக்கு 250 வேண்டும் என்றும் அரசு கணக்கு வைத்தது. தமிழ் மொழிமூலம் எழுதியவர் என்பதற்காகவே ஒரு பிள்ளை தண்டிக்கப்பட்டது. வீதிக்கு வந்தோம். ஒரு தலைமுறையே திசைமாறியது. அந்தப் பிள்ளைகளின் பெயரில் அரசியல் செய்து பிழைத்தவர்கள்தான் இன்று வீட்டில் பேரப்பிள்ளையிடம், “தமிழில படிச்சுக் கிழிச்சது காணும்” என்கிறார்கள். அன்று அரசு போட்ட தண்டனையை இன்று நாங்களே போடுகிறோம், சம்பளமில்லாமல்.

ஆங்கிலம் இல்லாமல் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லுகிறவன் தன் பிள்ளையை லண்டனுக்கு அனுப்பிவிட்டுச் சொல்லுகிறவன். ஆங்கிலத்தை மொழியாக நன்றாகப் படிப்பியுங்கள். 2017 இல் உலக வங்கியிடம் 10 கோடி டொலர் கடன் வாங்கித் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்தில் கலைப்பீடத்தாருக்கு ஆங்கிலம் புகட்டத் தனி ஏற்பாடே இருந்தது. நல்லது. ஆனால் ஆங்கிலம் படிப்பிப்பது வேறு, ஆங்கிலம் வராதவனுக்கு அறிவையே மறுப்பது வேறு. கலைப்பட்டதாரி வேலையில்லாமல் கச்சேரி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தால் குற்றம் தமிழ் மேல் விழுகிறது. பழுப்பேறிய குறிப்பைச் சொற்படி வாசித்து எழுதுவித்த விரிவுரையாளர் மேல் விழுவதில்லை. அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தால் நிறம் மாறுமா?

புலம்பெயர்ந்த உறவுகளின் பெருமையையும் சொல்லாமல் விடக் கூடாது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருக்கைக்கு 30 இலட்சம் கனடா டொலர். வாழ்க. இருக்கை வாங்கிக் கொடுத்து அமர்த்திவிட்டோம். தமிழில் ஓர் உடற்றொழிலியல் பாடநூலுக்காக எங்கேயாவது உண்டியல் குலுங்கிய சத்தம் மட்டும் இன்னும் என் காதில் விழவில்லை.

இதெல்லாம் படித்தவர்களின் சண்டை என்று நினைப்பவர்கள் கிளினிக் நாளில் ஓர் ஆஸ்பத்திரி வாங்கில் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். தீவுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கிழவி ஷொப்பிங் பையில் கிளினிக் கொப்பியைச் சுற்றி வைத்திருப்பா. என்ன வருத்தம் என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதியவர் தமிழ்ப் பிள்ளை, வாசிக்க வேண்டியவ தமிழ்க் கிழவி. தன் உடம்பில் என்ன கோளாறு என்று அறிய அவ பக்கத்து வீட்டுப் பெட்டை ரியூசனால் வரும்வரை காத்திருக்க வேண்டும். கிறீன் தமிழுக்கு மாறியது இந்தக் கிழவிக்காகத்தான்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியம் இல்லை. முதலாம் வருட வினாத்தாளை இரு மொழியிலும் அச்சடியுங்கள், விரும்பிய மொழியில் விடை எழுத விடுங்கள். ஒவ்வொரு துறையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தமிழ்ப் பாடநூலாவது வெளியிட வேண்டும் என்று விதி செய்யுங்கள், எழுதியவருக்கு வெளிநாட்டுச் சஞ்சிகைக் கட்டுரைக்குக் கொடுக்கும் அதே பதவி உயர்வுப் புள்ளியைக் கொடுங்கள். கிளினிக் கொப்பியில் நோயின் பெயரைத் தமிழிலும் எழுதப் பழக்காமல் ஒரு டாக்குத்தரையும் வெளியே அனுப்பாதீர்கள்.

பீடாதிபதிகள் கூடிப் பேசும்வரை மாணவர் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளே, நாளை விரிவுரையில் விளங்காத இடத்தில் கையை உயர்த்தித் தமிழில் கேளுங்கள். விரிவுரையாளர் பதில் சொல்லட்டும். அவர் வாங்கும் சம்பளத்தில், சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் வரி கட்டிய அந்தக் கிழவியின் காசும் இருக்கிறது.