போகாதே என்று ஓட்டுப் போட்டும் போன பர்மா

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று இங்கிலாந்துக்காரர்கள் 2016 ஜூன் 23 அன்று ஓட்டுப் போட்டார்கள். 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31 வரை விலக முடியவில்லை. அதற்குள் இரண்டு பிரதமர்கள் விலகிவிட்டார்கள், நாடுதான் விலகவில்லை. விலகினால் அரிசி என்ன விலை, மருந்து என்ன விலை, எல்லையில் எத்தனை லாரி நிற்கும் என்று உலகமே உட்கார்ந்து பேசியது.

இதே கூத்தைத் தலைகீழாக நடத்திய பெருமையும் அவர்களுக்கே உண்டு. பர்மா என்று ஒரு மாகாணம். இந்தியாவை விட்டுப் பிரிய வேண்டாம் என்று அதன் ஜனங்கள் 1932-ல் ஓட்டுப் போட்டார்கள். 1937-ல் பிரித்து அனுப்பினார்கள். அந்த அமளியில் அதிகம் அடிபட்டவர்கள் ரங்கூனில் மட்டும் இருக்கவில்லை. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில், கோனாபட்டு, ராங்கியம், அரிமளம், ராயவரம், நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி என்று திருமயம், பொன்னமராவதி பக்கத்து ஊர்களில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் பர்மா எப்படி இந்தியா ஆனது? ஆகவில்லை, ஆக்கினார்கள். 1824, 1852, 1885 என்று மூன்று சண்டை போட்டு, மூன்று தவணையில் பிடித்தார்கள். பிடித்ததைத் தனியாக வைத்துக்கொள்ளச் செலவாகுமே என்று இந்தியாவின் ஒரு மாகாணமாக ஒட்டவைத்தார்கள். மாண்டலே அரசனை மாட்டுவண்டியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்கள், அவன் நாட்டின் வரவு செலவைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

வெள்ளைக்காரன் பிடித்த இடமெல்லாம் நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பின்னாலேயே போனார்கள். இப்படிக் கடல் கடந்து தொழிலுக்குப் போவதற்கு 'கொண்டுவிக்கப் போறாக' என்பது ஊர்ப் பேச்சு. ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் போட பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். பிரிட்டிஷ் பேங்குக்காரன் சேற்றில் இறங்க மாட்டான். செட்டியார் இறங்கினார். 1929-30-ல் பர்மா மாகாண பேங்கிங் விசாரணைக் கமிட்டி கணக்கெடுத்தபோது சுமார் 1,650 செட்டியார் கடைகள், கடனாகப் போட்ட பணம் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி. வட்டி விகிதத்தை ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். ரிசர்வ் வங்கி அப்போது பிறக்கவேயில்லை, முருகன்தான் கவர்னர்.

மூன்று வருஷத்துக்கு ஓர் ஏஜெண்டு. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, ஊருக்குத் திரும்பி, வந்த காசில் பர்மாத் தேக்கை இறக்கி வீடு கட்டி, அந்த வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். ஆச்சிமார் சீதனப் பணத்தையும் கடையில் வரவு வைத்திருந்தார்கள். ஆக, ராங்கியத்தில் ஒரு கல்யாணத்தின் கனம் ஐராவதி டெல்டாவின் பியாபோனில் நெல் விளைந்ததா என்பதைப் பொறுத்தது.

1929-ல் சைமன் கமிஷன் பர்மாவுக்கும் வந்து போனது. 1930-ல் அறிக்கை: பர்மாவைப் பிரித்துவிடுங்கள். அங்கே ஆரம்பித்தது சண்டை.

பிரிவினைக் கட்சி சொன்னது: இந்தியக் கூலி வந்து எங்கள் வேலையைப் பிடிக்கிறான். இந்திய ஆலைகளைக் காப்பாற்ற டெல்லி போடும் சுங்கத்தை நாங்கள் கட்டுகிறோம். எங்கள் வருமானம் அங்கே போகிறது. நிலம் செட்டியாரிடம் போகிறது. (இதில் பொய் என்று தள்ள அதிகமில்லை.)

எதிர்க்கட்சி சொன்னது இன்னும் ருசி. வெள்ளைக்காரன் பிரி என்று சொன்னால் அதில் அவனுக்கு ஏதோ லாபம் இருக்கிறது. இந்தியாவுக்குச் சுயராஜ்யம் கொடுத்துவிட்டு நம்மை மட்டும் தனிக் காலனியாகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறான். ஆகவே பிரியாதே. இதற்குத் தலைவர்கள் சிட் லைங், டாக்டர் பா மா. பா மா பிரான்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்த சாயா சானுக்காக 1931-ல் வாதாடிய வக்கீல். இந்தியாவின் மேல் இவர்களுக்குத் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. இப்போதைக்குக் கூட இருக்கிறோம், வேண்டும்போது போகிற உரிமையோடு இருக்கிறோம் என்பதுதான் திட்டம். கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்துத் தேதிக்கு இடம் விட்டு அச்சடிப்பது மாதிரி. சேர்ந்தால் சேர்ந்ததுதான், நினைத்தபோது கிளம்ப முடியாது என்று லண்டன் கையை விரித்துவிட்டது.

இந்தக் கட்சிக்குச் செட்டியார் பணம் போகிறது என்று எதிர்த்தரப்பு மேடைக்கு மேடை சொன்னது. போயிருந்தாலும் வட்டிக்குப் போயிருக்காது என்பதுதான் அதில் அதிசயம்.

1932 நவம்பரில் தேர்தல். பிரியாதே கட்சிக்கு 42, பிரி கட்சிக்கு 29. ஜனங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் டிசம்பரில் சட்டசபை கூடி ஒரு தீர்மானம் போட்டது பாருங்கள்: நீங்கள் சொல்லும் நிபந்தனையில் பிரிவதை எதிர்க்கிறோம், நிபந்தனை இல்லாமல் நிரந்தரமாகச் சேருவதையும் எதிர்க்கிறோம். 1933-ல், சரி, என்னதான் வேண்டும் என்று சொல்லுங்கள் என்று ஒரு விசேஷக் கூட்டம் போட்டார்கள். நாள் கணக்கில் பேசினார்கள். பேசிப் பேசியே கூட்டத் தொடரைத் தீர்த்துவிட்டு ஓட்டெடுக்காமல் எழுந்து போனார்கள். லண்டன் பார்த்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அப்படியானால் நாங்கள் நினைத்ததையே செய்கிறோம். 1935 சட்டத்தில் பர்மா தனி. 1937 ஏப்ரல் 1 முதல் அமல். அந்தத் தேதியை எந்தப் புண்ணியவான் குறித்தானோ.

பிரிந்த பர்மாவின் முதல் பிரதமர் யார்? பிரியவே கூடாது என்று ஊர் ஊராகப் பேசிய டாக்டர் பா மா.

இந்த இடத்தில் கோனாபட்டு முதலாளி ஒருவரின் நிலைமையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருமயம் தாலுகா புதுக்கோட்டை சமஸ்தானம். அவர் தொண்டைமான் பிரஜை. ராஜாவுக்கு, அந்தத் தேர்தல் நடந்தபோது, வயது பத்து. சமஸ்தானமோ பிரிட்டிஷ் இந்தியாவில் சேர்ந்ததே இல்லை. அதாவது எந்த வீட்டை விட்டு பர்மா வெளியே போகிறதோ, அந்த வீட்டில் இவரே உறுப்பினர் கிடையாது. நஷ்டத்தில் மட்டும் முழுப் பங்காளி.

"பர்மா பிரியுதாமுல்ல, பங்காளி?"

"பிரியட்டும். நம்ம கடை பிரியலியே?"

இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணமும் இருந்தது. பிரிந்த அன்று ஒன்றுமே நடக்கவில்லை. சுங்கம் பழையபடியே, குறைந்தது மூன்று வருஷத்துக்கு மாறாது என்று உத்தரவு. ரூபாய் பழைய ரூபாய். பர்மாவில் மட்டும் செல்லும் என்று ஒரு வரி அடித்து அதே நோட்டைக் கொடுத்தார்கள். கப்பல் அதே கப்பல். பர்மா அரிசியை இந்தியாதான் தின்றது, பிரிந்த பின்னும் தின்றது.

உண்மையில் இடி ஏற்கனவே விழுந்திருந்தது. சண்டை முழுக்க டெல்லியா லண்டனா என்று நடந்துகொண்டிருந்தபோது, 1930-லிருந்து உலகச் சந்தையில் நெல் விலை சரிந்து பாதிக்கும் கீழே போயிற்று. பர்மிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. அசல் கேட்டால் நிலத்தைக் கொடுத்தான். செட்டியாருக்கு நிலம் வேண்டாம். நிலம் வட்டி போடாது, கப்பலில் ஏறாது, தவணைக்கு ஊருக்கு வராது. ஆனாலும் வாங்க வேண்டியதாயிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு சாகுபடி நிலம் செட்டியார் கையில். 1937 வாக்கில் நூற்றுக்கு 25 பங்கு. சுமார் 25 லட்சம் ஏக்கர். பேரேட்டில் பார்த்தால் சொத்து ஏறிக்கொண்டே போகிறது, பெட்டியில் பார்த்தால் காசு இல்லை. நாடு பிரிந்துபோகிற சமயத்தில் அந்த நாட்டின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி வயலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைவிட மோசமான முகூர்த்தம் கிடையாது. பர்மிய அரசியல்வாதிக்கு இனி வேறு பிரசாரமே வேண்டாம், வரப்பைக் காட்டினால் போதும்.

நம் ஆட்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. எட்டு வருஷம் விவாதம் நடந்திருக்கிறது. அரசியலைக் கவனித்தார்கள், சங்கம் வைத்தார்கள், மனுப் போட்டார்கள், பிரிந்த பர்மாவின் கீழ்ச்சபையில் நகரத்தார் சங்கத்துக்கென்று தனியாக ஓர் ஆசனம்கூட வாங்கினார்கள். 132 பேர் உள்ள சபையில் ஒன்று. கடனில் கொஞ்சம் தள்ளி, பர்மியனுக்கே நிலத்தைத் திருப்பிக் கொடுத்துத் தவணையில் வசூலித்திருந்தால் என்ன என்று பெரிதாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தள்ளுபடி என்பது பேரேட்டில் எழுதக் கூசும் எழுத்து.

1938-ல் ரங்கூனில் கலவரம். 1941-ல் நிலத்தைத் திரும்ப எடுக்கச் சட்டம். அதே வருஷம் ஜூலையில் இந்தியாவும் பர்மாவும் ஒரு குடியேற்ற ஒப்பந்தம். மூன்று வருஷத்துக்கு ஒரு ஏஜெண்டு மாறும் தொழிலில் ஆளுக்கு ஆள் பெர்மிட் வேண்டும் என்றால் என்ன ஆவது என்று எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போதே, டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூன்மேல் குண்டு போட்டான். பெர்மிட் பிரச்னை அத்தோடு தீர்ந்தது. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. அந்த நடையில் சிரிக்க ஒன்றும் இல்லை.

1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் வாங்கியது. அந்த வருஷமே நில தேசியமயச் சட்டம். அதே 1948-ல், மார்ச் 3 அன்று, புதுக்கோட்டை சமஸ்தானமும் திருச்சி ஜில்லாவில் கரைந்தது. முதலாளிக்கு ஒரே வருஷத்தில் வயலும் போயிற்று, ராஜாவும் போயிற்று. ராஜாவுக்காவது மானியம் என்று ஒன்று இருந்தது.

பிரிவினைக்கு ஒரு பில்லும் வந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கூட்டுக் குடும்பக் கடனில் தன் பங்காக பர்மா இந்தியாவுக்குச் சுமார் 50 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும், 45 வருஷத் தவணையில், என்று எமரி என்பவர் தலைமையில் ஒரு நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. யுத்தம் வந்தது, தவணை நின்றது. கடைசியில் 1954-ல் 9 லட்சம் டன் அரிசி வாங்கும் ஒப்பந்தத்தோடு சேர்த்து அந்தக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். இந்த வித்தையெல்லாம் புதுக்கோட்டைக்குப் புதிதில்லை. கீழாநிலைக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பெனி தொண்டைமானுக்குக் கொடுத்தபோது வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் என்று எழுதி வாங்கியது. கும்பெனி அதை வற்புறுத்திக் கேட்கவில்லை; 1836-ல், சரி விடு என்று யானையைத் தள்ளுபடியே செய்துவிட்டது.

செட்டியார் கடனுக்கு மட்டும் யானையும் வரவில்லை, அரிசியும் வரவில்லை. டெல்லிக்கு மனு எழுதினார்கள், ரங்கூனுக்கு மனு எழுதினார்கள், நிலப் பத்திரங்களை இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். 1964-ல், பர்மாவில் ஆட்சியைப் பிடித்திருந்த நே வின் கடைகளையும் எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டும் செல்லாது என்று சொல்ல, மிச்சமிருந்தவர்களும் கப்பல் ஏறினார்கள்.

முழுசாக வசூலானது என்றால் 1937-க்கு முன்னால் சுங்கம் இல்லாமல் வந்து இறங்கிய மரம்தான். அதிலும் இப்போது ஒவ்வொரு வீடாகப் பிரிக்கிறார்கள். பங்காளிகள் இருபது பேர், கையெழுத்துப் போட பத்தொன்பது பேர் தயார், ஒருத்தர் கலிபோர்னியாவில். கையெழுத்து வந்ததும் தூணும் நிலையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் மரத்தைத் தட்டிக் காட்டுகிறார்: "அசல் பர்மாங்க. இனிமே வராது."