பெயர் மாறிய பெட்டி

மேசைக்கடியில் நிற்கும் தகரப் பெட்டியைச் ‘சி.பி.யு.’ என்று அழைக்கும் வழக்கு தமிழ்நாட்டுக் கணினிக் கடைகளில் எவ்வளவு வேரூன்றிவிட்டதென்றால், அப்பெயருக்கு உண்மையில் உரிமையுடையதும் உள்ளங்கையில் அடங்கிவிடுவதுமான சில்லு, அங்கே ‘ப்ராசஸர்’ என்னும் மாற்றுப்பெயரில்தான் வாழ நேர்ந்திருக்கிறது. புகைப்படங்களால் கைபேசி நிரம்பியதும் ‘மெமரி ஃபுல்’ என்று வருந்துவோரும், சேமிப்பகத்துக்குரிய பழியை, மின்சாரம் நின்றதும் அனைத்தையும் மறந்துவிடும் ரேமின் தலையில் கட்டுகின்றனர். இவை பொறுத்துக்கொள்ளத்தக்க பிழைகள். கணினி விழித்தெழும் முதற்சில நொடிகளுக்குரிய சொற்களில் நேர்ந்த குழப்பமோ பொறியாளர்களே தொடங்கிவைத்தது.

பொத்தானை அழுத்தியதும் இயங்கத் தொடங்கும் பயாஸ் என்பது, தாய்ப்பலகையில் மின்சாரமின்றியும் அழியாத சில்லு ஒன்றில் எழுதப்பட்ட நிரல். அது ‘போஸ்ட்’ எனப்படும் தற்சோதனையை நடத்தி, உறுப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்தபின், இயங்குதளத்தை வட்டிலிருந்து அழைத்துவரும் வேலையைப் பூட் லோடரிடம் ஒப்படைக்கிறது. 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில், நேரத்தையும் அமைப்பு விவரங்களையும் காக்க, மின்கலத்தின் துணையுடன் 64 பைட் நினைவகம் கொண்ட மோட்டரோலா சில்லு ஒன்று இடம்பெற்றது. மிகக் குறைந்த மின்சாரத்தில் நிலைக்கும் சில்லுகளைச் செய்யும் சிமாஸ் முறையில் அது உருவானதால் அதற்குச் ‘சிமாஸ்’ என்றே பெயராயிற்று. இன்றைய ப்ராசஸரும் அதே முறையில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களுடன் பிறந்ததுதான். ஆயினும் குலப்பெயர் முழுவதையும் அந்தக் கடைக்குட்டியே எடுத்துக்கொண்டது.

அச்சில்லுக்கு உணவூட்டும் 3 வோல்ட் சிஆர் 2032 மின்கலத்தைக் கடைக்காரர்கள் ‘பயாஸ் பேட்டரி’ என்பர். பயாஸுக்கோ பேட்டரியே தேவையில்லை. அது தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போக, இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வராதவையாகத் தோன்ற, உலாவி அவற்றைத் திறக்க மறுக்க, பயனர் இணையச் சேவை நிறுவனத்தைத் திட்டுகிறார்.

இன்று பயாஸின் இடத்தில் இருப்பது யுஇஎஃப்ஐ. அமைப்பு விவரங்களும் பெரும்பாலும் ஃபிளாஷ் சில்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் தாய்ப்பலகை செய்வோரே ‘யுஇஎஃப்ஐ பயாஸ்’ என்று அச்சிடும்போது கடைக்காரரைக் குறைகூற யாருக்கும் தகுதியில்லை.

2012இல் வந்த விண்டோஸ் 8, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதியால் ‘ஷட்டவுன்’ என்ற சொல்லையும் இக்கூட்டத்தில் சேர்த்தது. அவ்வசதி இயங்கும் கணினியில், ஷட்டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் கருப்பகுதி மூடப்படாமல் வட்டில் அப்படியே எழுதிவைக்கப்பட்டு மறுநாள் மீட்கப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் அடியிலிருந்து தொடங்குகிறது. எனவே கணினியை நேற்றிரவுதான் அணைத்ததாகச் சத்தியம் செய்யும் பயனரும் பொய்யர் அல்லர். அது பதினைந்து நாளாக இடைவிடாது இயங்குவதாகக் காட்டும் டாஸ்க் மேனேஜரும் பொய் சொல்வதில்லை.