கமாண்டர் நொண்டியடித்த படலம்: ஓர் உரைவழி ஆய்வு

ஆய்வு நோக்கம்: ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் முதல் சீசனில் ‘மூவ் அலாங் ஹோம்’ என்றொரு எபிசோட் உண்டு. தொடரின் மட்டமான எபிசோடுகளை யார் பட்டியல் போட்டாலும் அதற்கு ஓர் இடம் நிச்சயம். இதில் கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை. கருத்து வேறுபாடு இல்லாத இடத்தில் ஆய்வாளனுக்குப் பிழைப்பு இல்லை. எனவே அதை மீண்டும் மீண்டும் பார்ப்பதற்கு ஒரு நியாயம் கற்பிப்பதே இவ்வாய்வின் நோக்கமாக அமைகிறது.

ஆய்வு எல்லை: சுமார் 45 நிமிடம். ஆய்வு முறை: சாய்வு நாற்காலி. கருதுகோள்: முடிவுரை எழுதிய பிறகு உருவாக்கப்படும்; அதுவே மரபு.

முதற்கண் எண் பற்றிய சிக்கலைத் தீர்க்க வேண்டியுள்ளது. இது 9ஆம் எபிசோடா, 10ஆம் எபிசோடா? தொடரின் பாயிரமாகிய ‘எமிசரி’ இரட்டை நீளம் கொண்டது. அதை ஒன்றாக எண்ணுவோர் ஒன்பது என்ப. இரண்டாக எண்ணுவோர் பத்து என்ப. இரட்டை நீள எபிசோடுகள் எல்லாவற்றையும் இதே கணக்கில் எண்ணினால் முழுத் தொடரும் ஒரு சாராருக்கு 173, மறு சாராருக்கு 176. நாமம் எப்படி இட்டால் என்ன, பெருமாள் ஒருவர்தானே என்று சமாதானம் பேசப் போகிறவன் இரு தரப்பிலும் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அடுத்தது காலம். 1993 மார்ச் நடுப்பகுதி. இதற்கு மேல் துல்லியம் கேட்டால் கஷ்டம். ஏனெனில் இத்தொடர் ஒரே அலைவரிசையில் வந்ததன்று. அமெரிக்காவில் ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு விற்கப்பட்டது. ஒவ்வொரு நிலையமும் அந்த வாரத்தில் தனக்குத் தோதான ஒரு நாளில் ஒளிபரப்பிக்கொண்டது. பிறந்த வாரம் தெரியும், பிறந்த நாள் நிலையத்துக்கு நிலையம் மாறும். ஒரே ஒரு வார ஐயம் என்பது நம் ஆய்வுலகத்துக்கு இழுக்கு. இதே எபிசோடை நம்மூர்க் கால ஆராய்ச்சி அறிஞர் ஒருவரிடம் ஒப்படைத்தால் கி.மு. 1993க்கு ஓர் ஆண்டும் குறையாமல் நிறுவிக் கொடுத்துவிட்டு, கையோடு பொன்னாடையும் வாங்கிக்கொள்வார்.

இனி, இது இடைச்செருகலா? நமக்குப் பிடிக்காத பகுதி எதுவாயினும் அது இடைச்செருகல் என்பது பதிப்பியலின் அடிப்படை விதி. சான்றும் இருக்கிறது. இதில் வரும் வாடி இனத்தார் புழுத்துளைக்கு அப்பால் காமா குவாட்ரன்டிலிருந்து ஆரவாரமாக வந்து இறங்குகிறார்கள். அதன்பிறகு 1999இல் தொடர் முடியும்வரை ஒருவர்கூடத் தலைகாட்டவில்லை. இதைவிட வலுவான அகச்சான்று வேறென்ன வேண்டும்? ஆனால் புறச்சான்று கெடுத்துவிடுகிறது. கதை மைக்கேல் பில்லருடையது. அவரோ தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவர். இயக்கியவர் டேவிட் கார்சன்; பாயிரத்தை இயக்கியவரும் அவரே, அடுத்த ஆண்டு ‘ஸ்டார் ட்ரெக்: ஜெனரேஷன்ஸ்’ திரைப்படத்தை இயக்கியவரும் அவரே. ஆக, நூலாசிரியரே தம் நூலில் இடைச்செருகல் செய்துகொண்டார் என்று கொள்வதே பொருத்தம்.

பெயர்க்காரண ஆய்வு: இனத்தின் பெயர் வாடி, அதில் வரும் சிறுமியின் பெயர் சந்திரா. வேண்டாம், விட்டுவிடுவோம்.

கதைச் சுருக்கம் கூறாமல் கட்டுரை நீளாது ஆதலின் கூறுகிறேன். விண்வெளி நிலையத்தில் மதுக்கடையும் சூதாட்ட மேசையும் நடத்தும் குவார்க், வாடி விருந்தினரை டாபோ ஆட்டத்தில் ஏமாற்றுகிறான். அவர்கள் தலைவன் ஃபாலோ கண்டுபிடித்துவிடுகிறான். ‘இனி நேர்மையாக ஒன்று ஆடு’ என்று சூலா என்ற பலகையைக் கடைபரப்புகிறான். அடுக்கடுக்கான பலகை, நான்கு காய்கள். அந்நேரம் நிலையத்தில் சிஸ்கோ, கீரா, டாக்ஸ், பஷீர் என்ற நான்கு அதிகாரிகள் காணாமல் போகிறார்கள். காய்கள் அவர்கள்தாம். குவார்க் பகடை போட, அவர்கள் உள்ளே திண்டாடுகிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படம் ஏன் நமத்துப்போனது? விதிகள் குவார்க்குக்குத் தெரியாது, உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தாயம் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று தெரியாத ஆட்டத்தில் யாருக்காகப் பதறுவது? சரி, உயிருக்காவது ஆபத்து இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கடைசியில் பள்ளத்தில் விழுந்தவர்கள் மதுக்கடையில் முழுசாக வந்து நிற்கிறார்கள். இது வெறும் ஆட்டம்தானே என்று ஃபாலோ சிரிக்கிறான். நம்முடைய 45 நிமிடத்துக்கு அவன் சொல்லும் கணக்கு அவ்வளவுதான்.

இவ்வளவும் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. இவ்வாய்வின் உண்மையான பங்களிப்பு இனிமேல்தான் தொடங்குகிறது: நொண்டி.

மூன்றாம் கட்டத்தில் ஒரு சிறுமி. தரையில் கட்டங்கள். அவள் எண்ணிக்கைப் பாட்டொன்றைப் பாடியபடி, கையையும் அசைத்தபடி, குதித்துக் குதித்து அந்தப் பக்கம் போகிறாள். பெரியவர்கள் சாதாரணமாக நடந்து போகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் தள்ளிவிடுகிறது. இது நம் பாண்டி ஆட்டம் என்று ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும். விண்வெளிப் படையின் மூளைகள் கூடி நின்று யோசிக்கின்றன. கடைசியில் பொருள் உணர்பவள் டாக்ஸ். அவளுக்குள் முந்நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்த ஓர் உயிர் இருக்கிறது என்பதை நினைவிற்கொண்டால், நொண்டியடிக்கக் கற்பதற்கு எவ்வளவு அனுபவம் தேவைப்படுகிறது என்பது விளங்கும். தான் ஒரு நிர்வாக அதிகாரி, இதற்கெல்லாம் தான் வேலைக்கு வரவில்லை என்று கீரா ஓரிடத்தில் முணுமுணுக்கிறாள். எபிசோடிலேயே பார்வையாளரின் தரப்பு பேசப்படும் ஒரே இடம் அது.

பிறகு சிஸ்கோ. கேப்டன் நொண்டியடித்தார் என்று எழுதுவோர் பலர். இது பிழை. அப்போது அவர் கமாண்டர்; கேப்டன் பதவி 1995இல், மூன்றாம் சீசனின் இறுதியில்தான் கிடைக்கிறது. எனவே தொடரில் எந்தக் கேப்டனும் பாண்டி ஆடவில்லை என்பது இவ்வாய்வின் முதற்கண்டுபிடிப்பு. கால வரையறைக்கு வேறு வழியும் உண்டு. தலையில் முடி, தாடி இல்லை: கேசக் காலம். முடியும் தாடியும் சேர்ந்திருந்த 1995இன் சில எபிசோடுகள்: கேசம் மருவிய காலம். நான்காம் சீசன் முதல் மொட்டை. நொண்டியடித்தது முற்ற முழுக்கக் கேசக் காலத்து நிகழ்ச்சி. (விரிவுக்கு: இன்னும் எழுதப்படாத என் ‘நொண்டியியல் விளக்கம்’, தொகுதி 3.)

எந்தக் காலைத் தூக்கினார் என்பது குறித்து அடிக்குறிப்புகள் பல எழுதி, அச்சுக்கூலி கருதி நீக்கிவிட்டேன். ஆனால் முகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிஸ்கோவாக நடித்த ஏவரி புரூக்ஸ் எதையும் அரை மனதாகச் செய்பவர் அல்லர். போர்க்களத்தில் ஆணையிடும் அதே இறுகிய முகத்தோடு, அதே கனத்த குரலில், பிள்ளைப் பாட்டைச் சொல்லிக்கொண்டு கட்டம் கட்டமாகத் தாவுகிறார். கொஞ்சம் சிரித்திருந்தாலாவது நாம் தப்பித்திருக்கலாம்.

ஒப்பியல் நோக்கு: தமிழில் நொண்டி நாடகம் என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. அதில் கள்வன் ஒருவன் கால் வெட்டுப்பட்டு, இறையருளால் மீண்டும் கால் பெறுவான். இங்கே நால்வருக்கும் கால் இருக்கிறது. கள்வனோ வெளியே மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். எனவே ஒப்புமை முற்றிலும் பொருந்துகிறது. போதாததற்குப் பின்னால் குகையில் டாக்ஸுக்குக் காலில் அடிபட்டு உண்மையாகவே நொண்டுகிறாள். ஒப்பாய்வுக்கு ஒரு சொல் இரண்டு பக்கமும் தென்பட்டால் போதும் என்றிருக்க, எனக்கு ஒரு காலே கிடைத்திருக்கிறது. (இக்கருத்தை மேற்படி எழுதப்படாத நூலின் இரண்டாம் பதிப்பில் நானே மறுக்க இருக்கிறேன். அம்மறுப்புக்கு மறுப்பாக, மணிவிழா மலர் ஒன்றில் இதே கட்டுரை தலைப்பு மட்டும் மாறி வெளிவரும். பிறகு மூன்றையும் சேர்த்து, நான்கு அணிந்துரைகளோடு தனி நூலாக்கினால், அணிந்துரை எழுதிய நால்வரும் அதைத் தத்தம் நூல்களில் மேற்கோள் காட்டுவர்; அவற்றை அடுத்த பதிப்பில் சான்றாதாரமாகக் காட்டுவேன்.)

உள்ளபடியே பார்க்கத் தக்க ஒன்றும் இதில் இருக்கிறது, மறுபார்வையில்தான் பிடிபடும். ஒரு கட்டத்தில் மற்றவர்கள் பிழைக்க வேண்டுமானால் ஒருவரைப் பலி கொடு என்கிறான் ஃபாலோ. குவார்க் மண்டியிடுகிறான். தன்னால் தேர்ந்தெடுக்க முடியாது என்று கெஞ்சுகிறான், அழுகிறான். நடித்தவர் ஆர்மின் ஷிமர்மன். ரப்பர் காது, ரப்பர் மண்டை, கோணல் பல் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கண் இரண்டும் வேலை செய்கின்றன.

இதே ஷிமர்மன் 1987இல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் முதல் சீசனில், ‘தி லாஸ்ட் அவுட்போஸ்ட்’ என்ற எபிசோடில், திரையில் முதன்முதலாகத் தோன்றிய ஃபெரெங்கிகளுள் (குவார்க்கின் இனத்தார்) ஒருவராக வந்தவர். அதுவும் மட்டமான எபிசோடே. அதில் ஃபெரெங்கிகள் குனிந்து, துள்ளி, கையில் சவுக்கை வைத்துக்கொண்டு எகிறிக் குதிப்பார்கள். பயமுறுத்த வேண்டியவர்கள் சிரிப்புக்கு இடமானார்கள். அந்தக் கேவலத்தைச் சரிசெய்யத்தான் குவார்க் வேடத்தை விரும்பினேன் என்று அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். 1987இல் குதித்தவர்கள் ஃபெரெங்கிகள், கண்ணியமாக நின்று பார்த்தவர்கள் விண்வெளிப் படையினர். 1993இல் படையினர் பாட்டுப் பாடிக் குதிக்க, ஃபெரெங்கி முழங்காலில் நின்று மனிதனாகிறான். இதைத் திட்டமிட்டு எழுதினார்கள் என்று நான் நம்பவில்லை. நம்பினால் மூன்று அதிகாரம் எழுதலாம்.

மேலாய்வுக்குரிய களங்கள்: தொடக்கத்தில் வாடியரை வரவேற்கப் போகும்போது டாக்டர் பஷீர் தம் சடங்குச் சீருடையைத் தேடிக் கிடைக்காமல் வந்து நிற்கிறார். அது எங்கே போனது என்று ஆராய நல்ல இடமிருக்கிறது. ஆய்வாளர் கிடைப்பது எளிது. கட்டுரையில் தன் பெயரையும் முதலில் போடச் சொல்லாத நெறியாளர் கிடைப்பதுதான் அரிது.